மேசைக்கு அங்கேயும் மேசாதான்



2019-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முதல் நாள். ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பையும் பெட்டியும் பலகாரப் பொட்டலமுமாக ஊர் திரும்பும் நாள் அல்லவா? நானும் குளுவாங் பேருந்துக்காக வரிசையில் நின்றிருந்தேன்.

“சார், நீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். என் பழைய மாணவி. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்த தோட்டப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையாக இருந்தவள். இப்போது இருபத்தாறு வயது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. ஸ்கூடாயைத் தாண்டுவதற்குள்ளேயே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு அன்று ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த ஐந்து மணி நேரத்தில் அவள் என்னை உலகத்தின் மறுபக்கம் வரை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா கேட்ட கேள்வி

இவள் தகப்பனார் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பால்மரம் வெட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதுமாக அவர் வேலையும் மாறிற்று. மகள் நன்றாகப் படித்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கே மொழியியல் துறையில் அவளுக்குக் கிடைத்த பாடம் ஸ்பானிய மொழி. “அது எந்த ஊர்ப் பாஷை? அதைப் படித்து என்ன செய்யப் போகிறாள்?” என்று லயத்தில் கேட்காதவர்கள் இல்லை. நானும் மனத்துக்குள் கேட்டவன்தான்.

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகில் ஏறக்குறைய 50 கோடிப் பேர். ஸ்பெயின் தேசம் ஒன்றிலே மட்டுமல்ல. மெக்சிகோவிலிருந்து அர்ஜெந்தீனா வரை அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் அதுதான் பேச்சு. படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இவளுக்கு வேலை கிடைத்தது. விடியற்காலை பாலம் கடந்து போய், இரவு பாலம் கடந்து திரும்பும் வாழ்க்கை. இரண்டு வருடத்தில் கொஞ்சம் பணம் சேர்த்தாள்.

அந்தப் பணத்துக்கு இரண்டு வழி காத்திருந்தது. அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே குளுவாங் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். அது ஒரு வழி. இன்னொன்று, படித்த மொழி நாக்கில் படிய, அந்த மொழி பேசும் ஊரில் போய்ச் சில வாரம் தங்கிப் படிப்பது. பாதி நாள் பாடம், மீதி நாள் அந்த ஊர் மக்களோடு இருந்து அவர்களுக்கு ஆன தொண்டு. சேவையோடு சேர்ந்த படிப்பு என்று இதற்குப் பெயர்.

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்:

“நாமளே அடுத்தவன் வீட்டுல குடியிருக்கோம். நீ யாருக்கும்மா சேவை செய்யப் போற?”

பதில் சொல்லத் தெரியாமல் அவள் அன்று இரவு முழுவதும் அழுதாளாம். மறுநாள் காலை பெரட்டுக்குப் புறப்படும்போது அம்மாவே, “போயிட்டு வா. வீடு எங்கயும் ஓடிப் போகாது” என்று சொல்லிவிட்டார். 2019 பிப்ரவரியில் அவள் விமானம் ஏறினாள்.

மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்

அவள் போன நாடு குவாத்தமாலா. மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கிறது. நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் பதினான்கு மணி நேர வித்தியாசம். இங்கே நாம் பசியாறும்போது அங்கே முதல் நாள் மாலை.

அந்த நாட்டின் மேற்கு மலைநாட்டில் கெத்சால்தெனாங்கோ என்று ஒரு நகரம். வாயில் நுழையாத பெயர் என்று கவலைப்பட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே சுருக்கமாக ‘ஷேலா’ என்றுதான் சொல்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரம். நம் ஜொகூரின் உயரமான மலையான குனோங் லேடாங் 1,276 மீட்டர்தான். கிட்டத்தட்ட இரண்டு லேடாங் மலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் ஓர் ஊர் வைத்ததுபோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளிரில் முதல் மூன்று நாள் அவள் இருந்த சட்டையை எல்லாம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தூங்கினாளாம்.

அங்கே 1988-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ப்ரோயெக்தோ லிங்குவிஸ்தீக்கோ கெத்சால்தெக்கோ’ என்ற ஸ்பானிய மொழிப் பள்ளி இருக்கிறது. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாளுக்கு ஐந்து மணி நேரம் பேச்சுதான் பாடம். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தும் என்னைப் போன்ற ஆசிரியனுக்கு இதைக் கேட்கவே பொறாமையாக இருந்தது!

ஒரு வாரம் நகரத்தில் படித்தாள். அடுத்த மூன்று வாரத்துக்கு, அதே பள்ளி 1997-இல் தொடங்கிய இன்னொரு கிளைக்குப் போனாள். அதன் பெயர் ‘மலைப் பள்ளி’. நகரத்திலிருந்து பேருந்து கீழ்நோக்கி இறங்கி, கொலொம்பா என்ற ஊர்ப் பக்கம் போகிறது. குளிர் குறைந்து, மழைக்காடும் காப்பித் தோட்டமும் கலந்த சரிவு வருகிறது. பள்ளிக்குப் பக்கத்தில் நுவேவோ சான் ஹொசே, ஃபாத்திமா என்று இரண்டு சிறு குடியிருப்புகள். மாணவர்கள் பள்ளிக் கட்டடத்தில் தூங்குவார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் குடியிருப்பில் ஆளுக்கொரு வீட்டுக்குப் போக வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்கு உண்டான பணம் சமைக்கிற அம்மாமார்கள் கைக்குப் போகிறது. படிப்பில் பாதி அந்த அடுப்படியில்தான் நடக்கிறது.

“சார், அந்தக் குடும்பங்கள் யார் தெரியுமா?” என்று கேட்டு நிறுத்தினாள் என் மாணவி. வண்டி அப்போது கூலாயைத் தாண்டியிருந்தது. இரு பக்கமும் செம்பனை வரிசை.

“அவுங்க எல்லாம் தோட்டத்து ஆளுங்க சார்.”

கடன் புத்தகம்

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1876-இல் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பாட்டன் பூட்டன் இந்த மண்ணுக்கு வந்த கதையில் அந்த 22 கன்றுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே 1877-ஆம் ஆண்டில்தான் குவாத்தமாலாவில் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க ஒரு சட்டம் போட்டார்கள். மலைநாட்டு மாயா இன மக்களுக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடனை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாதபடி கட்டிவைத்தார்கள். நம்மவர்கள் கங்காணியிடம் கப்பல் செலவுக்குக் கடன் பட்டதை நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே கடலைக் கடக்கவில்லை, மலையை இறங்கினார்கள். கணக்கு மட்டும் ஒன்றுதான்.

அந்தக் கடன்முறை 1934-இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் சொந்த நிலம் இல்லாதவன் வருடத்தில் இத்தனை நாள் கட்டாயம் கூலிக்குப் போக வேண்டும் என்று வேறொரு சட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவும் 1945-இல்தான் ஒழிந்தது. 1952-இல் ஏழைகளுக்கு நிலம் பங்கிட ஓர் அரசாங்கம் சட்டம் இயற்றியது; 1954-இல் அந்த அரசாங்கமே கவிழ்க்கப்பட்டது. பிறகு 1960 முதல் 1996 வரை 36 வருட உள்நாட்டுப் போர். இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் மாயா மக்கள்.

தோட்டத்தை அங்கே ‘ஃபிங்கா’ என்கிறார்கள். ஃபிங்காவிலேயே குடியிருந்து வேலை செய்த குடும்பங்களுக்கு வீடும் ஃபிங்காவுடையதுதான். மலைப் பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் அப்படித் தோட்டத்தில் இருந்து, கூலிப் பாக்கிக்காகப் போராடி, தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் அமைத்தவை. விடாமல் போராடி, ஒன்றாகச் சேர்ந்து நிலம் தேடி, தங்களுக்கென்று ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள்.

கையைப் பார்த்த அம்மா

என் மாணவிக்குச் சாப்பாடு போட்ட வீட்டில் ஓர் அம்மா, அவர் கணவர், நான்கு பிள்ளைகள். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, விறகு அடுப்பு. சாப்பாடு கறுப்பு அவரைப் பருப்பும், மக்காச்சோள மாவில் தட்டிய ‘தொர்த்தியா’ ரொட்டியும். அவள் போன மாதங்களில் காப்பி அறுவடை முடிந்துவிட்டிருந்தது. வேலை கிடைப்பது அரிது. அந்த வீட்டில் முட்டை விருந்தாளித் தட்டில்தான் விழுந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பார்வையைத் திருப்பிக்கொண்டன. மறுநாளிலிருந்து முட்டையை ஐந்தாகப் பங்கு போட்டால்தான் சாப்பிடுவேன் என்று இவள் அடம் பிடித்தாளாம்.

முதல் வாரம் பேச்சு ஓடவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பானியம் புத்தக ஸ்பானியம். அடுப்படி ஸ்பானியம் வேறு. பிள்ளைகள் அவள் உச்சரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தன. அந்த வீட்டு அம்மாவும் மரியாதையாக எட்டியே நின்றார். அந்த வீட்டுக்கு அதுவரை வந்தவர்கள் எல்லாரும் பணக்கார நாட்டுப் பிள்ளைகள். இவளும் அப்படி ஒருத்தி என்றே அவர் நினைத்திருந்தார்.

பனியை உடைத்தது ஒரு மேசை. சாப்பிட உட்காரும்போது அந்த அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே ‘மேசா’ என்றார். இவள் சிரித்துவிட்டாள். “எங்கள் வீட்டிலும் இதற்கு மேசை என்றுதான் பெயர்” என்றாள். அவர் நம்பவில்லை. இவள் எழுந்து அலமாரியைக் காட்டினாள். அங்கே ‘ஆர்மாரியோ’. சட்டைப் பொத்தானைக் காட்டினாள். ‘போத்தோன்’. கோப்பையை எடுத்துக் காட்டினாள். ‘கோப்பா’. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தூக்கிக்கொண்டு வந்து, “இதற்கு உங்கள் ஊரில் என்ன?” என்று கேட்க ஆரம்பித்தன.

இது ஒன்றும் மாயம் இல்லை. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் அக்காள் தங்கை மொழிகள். போர்த்துகீசியர் தமிழ்நாட்டுக் கரையிலும் வந்து இறங்கினார்கள். 1511-இல் மலாக்காவையும் பிடித்தார்கள். 1587-இல் நம் கோத்தா திங்கி ஆற்றோரம் இருந்த பழைய ஜொகூர்க் கோட்டையையும் அழித்தார்கள். கோட்டை போயிற்று, அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் தங்கிவிட்டன. தமிழில் மேசை, அலமாரி. மலாயில் மேஜா, அல்மாரி. நம் பிள்ளைகள் ‘செக்கோலா’ என்று மலாயில் சொல்கிறார்களே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான். ஸ்பானியத்தில் பள்ளிக்கூடத்துக்கு ‘எஸ்குவேலா’. யோசித்துப் பார்த்தால், தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் தெரியாமலேயே கொஞ்சம் ஸ்பானியம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று மாலைதான் அந்த அம்மா கேட்டார்: “உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?”

“தோட்ட வேலை. ஃபிங்காவில்” என்றாள் இவள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். வழவழப்பான கை. அலுவலகக் கை. “உன் அம்மா உன்னைத் தோட்டத்துக்குள் விடவில்லை” என்றார். பிறகு தன் கையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

இதைச் சொல்லும்போது என் மாணவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

வீடு யாருடையது?

அதற்குப் பிறகு அவர்கள் பேச்சில் தடையில்லை. மண்டோரைப் பற்றிப் பேசினார்கள். எடை போடும்போது குறைகிற கணக்கைப் பற்றிப் பேசினார்கள். நம் பாராங் கத்திக்கு அங்கே ‘மச்சேத்தே’. இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சிவந்த காப்பிப் பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிப்பது எப்படி என்று அந்த அம்மா வெறுங்கையால் நடித்துக் காட்டினார். இவள் எழுந்து உளி பிடித்துப் பால் வெட்டுவதை நடித்துக் காட்டினாள். சின்ன வயதில் அம்மாவோடு போய்ப் பார்த்து வைத்திருந்தது. இரண்டு பெண்கள் இல்லாத மரத்தை வெட்டிக்கொண்டும் இல்லாத பழத்தைப் பறித்துக்கொண்டும் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஒரு நாள் அவர் கேட்டார்: “உங்கள் வீடு யாருடையது?”

“தோட்டத்துடையது. அம்மா வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.”

“எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டு, அவர் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். “இது என்னுடையது.”

வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த ஒரு தட்டு நெஞ்சில் இடித்தது. அன்று இரவு பள்ளிக் கட்டடத்தில் தூக்கம் வரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். மறுநாள் தன் ஆசிரியையிடம் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மையார் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “சரி, இனி இதுதான் உனக்குப் பாடம். அந்தக் குடும்பங்கள் நிலம் வாங்கிய கதையை வீடு வீடாகக் கேட்டு வந்து எனக்கு ஸ்பானியத்தில் சொல்” என்றாராம்.

அப்படியே செய்தாள். முதலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், யார் எழுதப் படிக்கத் தெரிந்தவர், யார் நகரத்துக்கு நடந்தார், பெண்கள் எங்கே பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது.

“நீ செய்த சேவை என்னம்மா?” என்று கேட்டேன்.

சிரித்தாள். “சாயந்தரத்துல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன் சார். ஐந்தாங்கல் விளையாடச் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அவங்க எனக்குக் கொடுத்ததோட வச்சுப் பார்த்தா அது ஒண்ணுமே இல்ல.”

உதவப் போகிறவர்கள்

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 1968-இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், ஏழைகளுக்கு உதவ வந்த அமெரிக்க மாணவர்கள் கூட்டத்தில் இவான் இல்லிச் என்ற பாதிரியார் பேசினார். அவரே அந்த நகரில் வெளிநாட்டவருக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் நிலையத்தை நடத்தியவர். அப்படிப்பட்டவர், எங்கள் மலையைப் பாருங்கள், பூவைப் பாருங்கள், படியுங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே சொன்னார். மொழியும் தெரியாமல், வேலையும் தெரியாமல் வந்து நிற்கிறவன் ஏழைக்குச் சுமை என்பது அவர் கட்சி.

கடுமையான பேச்சுதான். ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது புரியும். நம் நாட்டுக்கும் இப்படிப்பட்டவர்கள் வந்தது புதிதல்ல. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மலேசியாவில் பணி செய்தார்கள். பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் இருந்தார்கள். மலாய் படித்துப் பேசினார்கள். எங்கள் பாட்டி அப்படிப்பட்ட ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்வார். தீபாவளிக்கு லயத்துக்கு வந்து, திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் சோறு பிசையத் தெரியாமல் முழங்கை வரை குழம்பு வழிய விட்டாராம். “அந்தப் பையன் என்ன சொல்லிக் கொடுத்தான்னு எனக்குத் தெரியாது. நான் அவனுக்குச் சோறு பிசையச் சொல்லிக் கொடுத்தேன்” என்பார் பாட்டி, பெருமையோடு.

பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் குழு எங்கள் பள்ளிக்குச் சேவை செய்ய வந்தது. ஒரே நாளில் சுவரில் வண்ணப் படம் வரைந்தார்கள். படம் பிடித்தார்கள். போனார்கள். நான்தான் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ‘நன்றி’ என்று எழுதிய துணியைப் பிடிக்க வைத்தேன். அந்தச் சுவருக்கு மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை. இதுதான் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் படம் உரிந்து விழுந்தது. குற்றம் அவர்களுடையது மட்டும் இல்லை என்பது அன்று பேருந்தில்தான் எனக்கு உறைத்தது.

நம் பக்கத்தில்

2019-இல்தான் நம் கல்வி அமைச்சும் ‘சுலாம்’ என்ற பெயரில் சேவையோடு சேர்ந்த படிப்பைப் பல்கலைக்கழகங்களில் முறைப்படுத்தியது. மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாகவே மக்களிடம் போய் அவர்களோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்பது திட்டம். தொற்றுநோய் அடங்கி எல்லாம் திறந்த பிறகு, மீண்டும் ஒரு மாணவர் குழு எங்களைக் கேட்டு வந்தது. அந்த முறை நான் தயாராக இருந்தேன். “வண்ணம் வேண்டாம். முதல் நாள் முழுவதும் எங்கள் பழைய பால்வெட்டுத் தொழிலாளிகளோடு உட்காருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். பிறகு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்” என்றேன்.

மலாய், சீன மாணவர்களும் அதில் இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, துருப்பிடித்த உளியைத் தேடி எடுத்து வந்து, “இது உளி, இது மங்கு, இது வாளி, இது ஒட்டுப்பால்” என்று சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் ஆண்டு மாணவர்போல் திருப்பிச் சொன்னார்கள். ‘ழ’ வராத பிள்ளையைப் பாட்டி விடவே இல்லை. இரண்டாம் நாள் வயதானவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அரசாங்கப் பாரங்களை நிரப்ப உதவி. மாணவர்கள் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். அதுவும் சேவைதான். சுவரில் தெரியாத சேவை.

வீடு வந்த கதை

என் மாணவியின் வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு குவாத்தமாலாவுக்குப் போய்விட்டது. மறு வருடம் பாலம் அடைபட்டது. நிறையப் பேருக்குப் போல அவளுக்கும் வருமானம் குறைந்தது. அம்மா ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தம்பியோடு வாடகை அறையில் இருக்க நேர்ந்தது. அந்த நாட்களில் உறவினர்கள் சொன்ன சொல் கொஞ்சம் இல்லை. “ஊர் சுற்றப் போனாளே, இப்ப பாருங்க” என்றார்கள். அவளும் சில இரவுகளில் அப்படியே நினைத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

2022-இல் குளுவாங்கில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. தனியாக வாங்கவில்லை. லயத்தில் ஓய்வுக்கு நெருங்கிய மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் கூட்டி வைத்து, யாருக்கு என்ன தகுதி, எந்தப் பாரம், என்ன தாள் வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒருவர் பின் ஒருவராக மனுப் போட வைத்தாள். எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சிலருக்குக் கிடைத்தது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் எனக்குத் தெரியும்.

புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சி முடிந்ததும் அவள் அம்மா கூடத்து நடுவில் நின்றார். மகள், “அம்மா, காலால ஒரு தட்டுத் தட்டுங்க” என்றாள். அம்மாவுக்குக் காரணம் தெரியும். கூச்சப்பட்டுக்கொண்டே தட்டினார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் பிள்ளையும் ஒரு நாள் இப்படி வெளிநாட்டில் தங்கிப் படித்துச் சேவை செய்யப் போகிறேன் என்று வந்து நிற்கலாம். உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே தலையாட்டவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். கட்டுகிற பணத்தில் அந்த ஊர்க் குடும்பங்கள் கைக்குப் போவது எவ்வளவு? அங்கே செய்யப் போகும் வேலையை யார் கேட்டார்கள், அந்த மக்களா, அனுப்புகிறவர்களா? மொழியைக் கற்றுக்கொள்ளப் போதுமான நாள் உண்டா? யார் வீட்டில், யார் மேசையில் சாப்பிடப் போகிறாய்?

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். அதேபோல் நம் லயத்துக்கும் குடியிருப்புக்கும் யாராவது சேவை செய்ய வந்தால், கைகட்டி நிற்க வேண்டாம். உட்காரச் சொல்லி, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்க நம்மிடம் நிறைய இருக்கிறது.